குரங்குக்குப் பெயர் வைத்த பேராசிரியர்

நம் மொட்டை மாடிக்கு வரும் குரங்குகளைப் பற்றி நாம் பேசாத பேச்சில்லை. காயவைத்த வடகம் போனது, தண்ணீர்த் தொட்டியின் மூடி போனது, பால்கனி துளசிச் செடி போனது என்று வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒரு பஞ்சாயத்தாவது நடக்கிறது. ஒரு பக்கம் பாவம் என்று வாழைப்பழம் நீட்டுபவர்கள், இன்னொரு பக்கம் பட்டாசு வெடித்து விரட்டச் சொல்பவர்கள். இரண்டு கட்சியாரும் பத்து நிமிடம் ஒதுக்கிப் படிக்க வேண்டிய வாழ்க்கை ஒன்று இருக்கிறது. கின்ஜி இமனிஷி என்ற ஜப்பானியரின் வாழ்க்கை அது. காட்டுக் குரங்குகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, பெயர் வைத்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்து படிக்கும் முறையை உலகுக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர். ஜேன் குட்டால் ஆப்பிரிக்காவில் சிம்பன்சிகளைப் பார்க்கப் போனது 1960-ல். இமனிஷியும் அவருடைய மாணவர்களும் அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

இமனிஷி பிறந்தது 1902 ஜனவரியில், கியோத்தோ நகரின் நிஷிஜின் பகுதியில். நமக்குக் காஞ்சிபுரம் எப்படியோ, பட்டு நெசவில் ஜப்பானியர்களுக்கு நிஷிஜின் அப்படி. பட்டுத் தொழில் செய்த வசதியான வீடு, அதில் மூத்த பிள்ளை. தொழிலைக் கவனிக்க வேண்டிய பையனுக்கு மலை ஏறுவதில் பித்து. கியோத்தோ பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பிரிவில் சேர்ந்து பூச்சியியல் எடுத்துக்கொண்டதற்கே, பூச்சி பிடிக்கும் சாக்கில் மலை ஏறலாம் என்பதுதான் காரணம் என்று சொல்வார்கள். 1931-ல் நண்பர்களோடு சேர்ந்து கியோத்தோ பல்கலைக்கழகத்தாருக்கென ஒரு மலையேறும் சங்கத்தையும் தொடங்கினார்.

அவருடைய முதல் பெரிய கண்டுபிடிப்பு குரங்கு பற்றியது அல்ல. கியோத்தோவின் நடுவே ஓடும் கமோ ஆற்றில் கற்களைப் புரட்டிப் புரட்டி, மேஃபிளை என்ற பூச்சியின் குஞ்சுப் புழுக்களைத் தேடிக்கொண்டிருந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி. ஆனால் கரையோர மந்தமான நீரில் ஓர் இனம், கொஞ்சம் உள்ளே தள்ளி இன்னொன்று, நடு ஆற்று வேகத்தில் வேறொன்று என்று அவை வரிசையாக இடம் பிரித்துக்கொண்டு வாழ்வதை 1930-களின் தொடக்கத்தில் கவனித்தார். இயற்கை என்றால் எப்போதும் அடிதடிதான் என்று அவருக்குப் படவில்லை. உயிரினங்கள் ஒன்றுக்கொன்று இடம் விட்டு ஒரு சமூகமாக வாழ்கின்றன என்ற எண்ணம் அங்கேதான் அவர் மனதில் விழுந்தது. நல்லதற்கும் கெட்டதற்கும் கடைசி வரை அந்த எண்ணத்தை அவர் விடவில்லை.

இத்தனைக்கும் பல்கலைக்கழகத்தில் அவருக்குச் சம்பளம் கிடையாது. நாற்பது வயதைத் தாண்டியும் ஊதியமில்லாத விரிவுரையாளர்தான். வீட்டில் சொத்து இருந்ததால் சமாளித்தார். 1941-ல், எந்த நேரமும் போருக்கு அழைப்பு வரலாம், திரும்பி வருவோமோ தெரியாது என்ற நிலையில், தன் எண்ணங்களையெல்லாம் உயில் எழுதுவது போல ஒரு சிறு புத்தகமாக எழுதி வைத்தார். உயிர்களின் உலகம் என்பது அதன் பெயரின் பொருள். கல்லூரிப் பாடமாக இல்லாமல் மனதில் பட்டதை நேராகச் சொல்லும் புத்தகம். இன்றும் ஜப்பானில் படிக்கப்படுகிறது.

போருக்கு அவர் போகவில்லை. 1944-ல் ஜப்பானின் பிடியில் இருந்த உள் மங்கோலியப் பகுதிக்கு, அங்கிருந்த ஓர் ஆய்வு நிலையத்தின் தலைவராகப் போனார். மேய்ச்சல்காரர்களையும் அவர்களுடைய மந்தைகளையும் கவனித்தார். மனிதன் மந்தையை நடத்துகிறானா, மந்தையின் பின்னால் மனிதன் போகிறானா என்ற கேள்வியோடு 1946-ல் ஊர் திரும்பினார். தோற்றுப் போன நாடு, சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு, வெளிநாட்டுப் பயணத்துக்கு வழியே இல்லை. சரி, உள்ளூரில் என்ன மந்தை இருக்கிறது என்று தேடியபோது, தெற்கே கியூஷு தீவின் மியாசாக்கி மாவட்டத்தில், தோய் முனை என்ற இடத்தில் பாதிக் காட்டு வாழ்க்கை வாழும் குதிரைகள் கிடைத்தன. ஒவ்வொரு குதிரையையும் தனித்தனியாக அடையாளம் வைத்துக் கவனிக்கத் தொடங்கினார்.

1948-ல் அங்கே அவரோடு இருந்தவர்கள் இருபதுகளில் இருந்த இரண்டு மாணவர்கள், ஜுனிச்சிரோ இதானியும் ஷுன்ஸோ கவாமுராவும். குதிரையைப் பார்க்கப் போன இடத்தில் குரங்குக் கூட்டம் ஒன்று கண்ணில் பட்டது. குதிரையைவிட இதில் விஷயம் அதிகம் என்று மூவருக்கும் தோன்றிவிட்டது. அந்த டிசம்பரிலேயே, அதே மாவட்டத்தில் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோஷிமா என்ற குட்டித் தீவுக்குப் போனார்கள். ஒரு சுற்று வந்தால் நாலு கிலோமீட்டர் தேறும். காடு, பாறை, கொஞ்சம் மணல், அதில் குரங்குகள். ஜப்பானியக் குரங்கியல் பிறந்த நாள் என்று அந்தப் பயணத்தைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

அடுத்த மூன்று நான்கு வருடம் பெரும்பாலும் ஏமாற்றம். காட்டில் நாள் முழுக்க அலைந்தால் ஒரு வால் நுனி தெரியும், ஒரு கத்தல் கேட்கும், அவ்வளவுதான். ஆகவே உணவு போட்டுப் பழக்குவது என்று முடிவு செய்தார்கள். குரங்குகள் போகும் தடத்தில் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் கோதுமையும் வைத்தார்கள். 1952-ல் கோஷிமாவின் குரங்குகள் வெளியே வந்து மணலில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தன. அதன்பின் எல்லாம் மாறிவிட்டது. இருபது சொச்சம் குரங்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். யார் தாய், யார் பிள்ளை, யார் யாருக்குப் பேன் பார்க்கிறார்கள், யாரைக் கண்டால் யார் ஒதுங்குகிறார்கள் என்று நோட்டுப் புத்தகங்கள் நிறைய ஆரம்பித்தன. மேலை நாட்டு விஞ்ஞானிகளில் பலர் அப்போது விலங்குக்குப் பெயர் வைப்பதைச் சிறுபிள்ளைத்தனமாகப் பார்த்தார்கள். இமனிஷிக்கு அதில் கூச்சமே இல்லை. முகம் தெரியாமல் குடும்பக் கதை எப்படித் தெரியும்? நம் செக்யூரிட்டி அண்ணனைக் கேளுங்கள், இந்தக் கட்டடத்தில் யார் வீட்டுப் பிள்ளை யார் என்று அவருக்குத்தான் தெரியும். பேரேட்டைப் பார்த்து அவர் அதைத் தெரிந்துகொள்ளவில்லை, தினமும் முகம் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

இங்கே கதையின் முக்கியமான கட்டம். 1952-ல் இமனிஷி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பரிணாம விஞ்ஞானி, ஒரு சாதாரண மனிதர், ஒரு குரங்கு, ஒரு குளவி, நால்வரும் உட்கார்ந்து வாதாடுவதாக அமைந்த கட்டுரை. பிறவியிலேயே வருவது வேறு, ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக் கூட்டத்துக்குள் கைமாறி வருவது வேறு. இந்த இரண்டாவதைப் பண்பாடு என்றால், கூடி வாழ்ந்து கற்றுக்கொள்ளும் விலங்குகளிடமும் அது இருந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். அப்போது கையில் ஆதாரம் எதுவும் இல்லை.

அடுத்த வருடம், 1953 செப்டம்பரில் ஆதாரம் வந்தது. ஒன்றரை வயதுப் பெண் குட்டி ஒன்று, மணல் ஒட்டிய கிழங்கை எடுத்துக்கொண்டு ஓடை நீருக்குப் போய், ஒரு கையால் பிடித்து மறு கையால் தேய்த்துக் கழுவித் தின்றது. இதை முதலில் கண்டவர் பல்கலைக்கழகத்தார் யாரும் இல்லை. சத்சுவே மிதோ என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியை. ஆய்வாளர்கள் கியோத்தோவுக்குத் திரும்பிய நாட்களில் குரங்குகளைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். பிறகு பல பத்தாண்டுகள் அந்தக் குரங்குகளோடேயே வாழ்ந்தார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் அவர் பெயரை விட்டுவிடுவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

அந்தக் குட்டியின் பெயர் இமோ. ஜப்பானிய மொழியில் கிழங்கு என்று அர்த்தம். முதலில் இமோவின் விளையாட்டுத் தோழர்களும் அதன் தாயும் கழுவக் கற்றுக்கொண்டார்கள். ஓடையிலிருந்து கடலுக்கு மாறினார்கள். பிறகு சுத்தமான கிழங்கைக்கூட ஒவ்வொரு கடிக்கும் உப்பு நீரில் தொட்டுத் தின்றார்கள். ருசி கண்டுவிட்டால் விடுமா? 1956-ல் இமோ இன்னொன்றும் செய்தது. மணலில் கலந்த கோதுமையைக் கைநிறைய அள்ளித் தண்ணீரில் போட்டது. மணல் அடியில் போனது, கோதுமை மிதந்தது. நாம் அரிசி களைவது போலத்தான். அப்படி மிதந்ததை, வலுத்த குரங்குகள் பக்கத்தில் காத்திருந்து பிடுங்கித் தின்றதும் குறிப்பேட்டில் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் உங்களுக்கு ஒரு கதை வந்திருக்கும். தீவில் நூறாவது குரங்கு கிழங்கைக் கழுவக் கற்றுக்கொண்ட கணத்தில், கடல் தாண்டி மற்ற தீவுகளின் குரங்குகளுக்கும் அந்த அறிவு தானாகப் போய்ச் சேர்ந்தது என்று. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் கைதட்டல் வாங்கும் கதை. 1979-ல் லயால் வாட்சன் என்பவர் எழுதிய புத்தகம் ஒன்றிலிருந்து கிளம்பியது. நடந்தது என்ன? மாணவர்களில் ஒருவரான மசாவோ கவாய் கணக்கை வரி வரியாக எழுதி வைத்திருக்கிறார். 1958-ல், அதாவது இமோ கழுவத் தொடங்கி ஏறக்குறைய ஐந்து வருடம் கழித்து, இரண்டு முதல் ஏழு வயதுக்குட்பட்ட 19 குரங்குகளில் 15 கழுவின. பெரியவர்கள் 11 பேரில் கழுவியவர்கள் 2 பேர். 1962-ல்கூடத் தீவின் மொத்தக் குரங்குகள் அறுபதைத் தொடவில்லை, நூறாவது குரங்குக்கு எங்கே போவது? பெரிய ஆண் குரங்குகள் கடைசி வரை கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொண்ட பெண் குரங்குகளுக்குக் குட்டி பிறந்து, அம்மாவின் வயிற்றில் தொற்றிக்கொண்டு தண்ணீருக்குப் போய் வந்த குட்டிகள் அதைச் சாதாரணப் பழக்கமாகவே எடுத்துக்கொண்டன. ஸ்மார்ட்போன் நம் வீடுகளுக்குள் வந்த வழியை நினைத்துக்கொள்ளுங்கள், அப்பாக்கள்தான் கடைசி.

கவாமுரா ஒசாகா பக்கத்து மினோ குன்றுகளின் குரங்குக் கூட்டத்தில் இன்னொரு ரகசியத்தைக் கண்டுபிடித்து 1958-ல் எழுதினார். ஒரு பெண் குரங்குக்குக் கூட்டத்தில் என்ன மரியாதை என்பதை அதன் பலம் தீர்மானிப்பதில்லை. தாயின் இடம் எதுவோ அதற்கு நேர் கீழே மகளின் இடம். அக்கா தங்கைக்குள் கடைக்குட்டிக்குத்தான் மேல் கை, ஏனென்றால் சண்டையில் அம்மா சின்னவள் பக்கம் நிற்பாள். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே ஆயுளுக்கும் இருப்பார்கள். ஆண்கள் வளர்ந்ததும் கூட்டத்தை விட்டுப் போய்விடுவார்கள், சில காலம் தனியாகத் திரிவார்கள். பெயரும் தாய்வழியும் தெரியாமல் இதையெல்லாம் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

1956-ல் இனுயாமா நகரில் ஜப்பான் குரங்கு மையம் உருவானது. அடுத்த வருடமே குரங்கினங்களுக்கென்றே ஓர் ஆய்விதழ் வெளிவந்தது. 1958-ல் இமனிஷியும் இதானியும் கொரில்லாக்களைத் தேடி ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் போய்த் தங்கள் வேலையைச் சொன்னார்கள். பலர் நம்பவில்லை. விலங்கை மனிதனாகப் பார்க்கிறீர்கள் என்றார்கள். அமெரிக்காவின் ரே கார்ப்பென்டர் போன்ற, தாமே காட்டில் குரங்குகளைப் பார்த்திருந்த சிலர் மட்டும் இதன் மதிப்பைப் புரிந்துகொண்டார்கள். பத்து இருபது வருடத்தில் உலகமே பெயர் வைக்கத் தொடங்கியது.

அந்த அலை நம் பக்கமும் வந்தது. யுகிமாரு சுகியாமா என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1961 முதல் 1963 வரை கர்நாடகத்தின் தார்வாடு காடுகளில் இருந்தார். நீள வாலும் கரிய முகமும் கொண்ட அனுமன் குரங்குகளைப் பின்தொடர்ந்தார். வெளியிலிருந்து வந்த ஆண்கள் கூட்டத்தைக் கைப்பற்றியதும் அங்கிருந்த குட்டிகள் கொல்லப்பட்டதை 1962-ல் பதிவு செய்தார். ஏதோ விபரீதம் என்று பலர் ஒதுக்கினார்கள். பின்னாளில் வேறு இடங்களிலும் அதுவே தெரியவந்தது. நம் தமிழ்நாட்டு மொட்டை மாடிகளுக்கு வருவது தலையில் குல்லா வைத்தது போல மயிர் வகிடெடுத்த நாட்டுக்குரங்கு. அந்த இனத்தையும் சுகியாமா தார்வாடில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

இனி, வாழைப்பழக் கட்சியார் கவனிக்க வேண்டிய இடம். கோஷிமாவில் உணவு போடத் தொடங்கிய அதே காலத்தில், அதே கியூஷு தீவின் ஓய்த்தா நகரத்து மேயரும் தக்காசாக்கி மலையில் குரங்குகளுக்கு உணவு போட ஆரம்பித்தார். குரங்குகள் வயலுக்கு வந்து பயிரை நாசம் செய்தன, ஆகவே ஒரே இடத்தில் சாப்பாடு போட்டுவிட்டால் வயலுக்கு வராது என்று கணக்கு. மேயரே சங்கு ஊதிக் குரங்குகளைக் கூப்பிடுவார். சுற்றுலாப் பயணிகள் குவிந்தார்கள். நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. சுமார் இருநூறு குரங்குகளோடு தொடங்கிய மலையில் சில பத்தாண்டுகளில் இரண்டாயிரம் குரங்குகள். மலை தாங்கவில்லை. பிறகு உணவைக் குறைப்பதே பெரும்பாடாயிற்று. நாட்டில் பல இடங்களில் இதே பாணியில் குரங்குப் பூங்காக்கள் திறந்து, சில மூடப்பட்டன. மனிதரைக் கண்டு பயப்படாத குரங்குகள் ஊருக்குள் வந்தன. இன்று ஜப்பானிய விவசாயிகளின் பயிரைப் பாழாக்கும் விலங்குகளில் மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் அடுத்த இடம் குரங்குக்கு.

அறிவியலுக்கும் அது ஒரு கண்ணியாக இருந்தது. தக்காசாக்கி மலையில் இதானி கண்ட அமைப்பு மிகப் பிரபலம். நடுவே தலைவனும் பெண்களும் குட்டிகளும், சுற்றி அடுத்த மட்டம், வெளிவட்டத்தில் இளம் ஆண்கள். ஜப்பானில் முரட்டு முதலாளியைக் குரங்குத் தலைவன் என்று கேலி செய்யும் வழக்கமே இதனால் பரவியது. பின்னர் ஹாக்குசான் மலையிலும் யாக்குஷிமா தீவிலும் உணவு போடாமல் பொறுமையாகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். காட்டில் இலையும் பழமும் எங்கும் சிதறிக் கிடக்க, குரங்குகளும் சிதறி மேய்ந்தன. அத்தனை தெளிவான வட்டமும் இல்லை, எல்லாரையும் அதட்டும் தலைவனும் இல்லை. ஒரே இடத்தில் கிழங்கைக் குவித்தால் வலுத்தவன் குவியல் மேல் உட்காருவான், மற்றவர்கள் சுற்றி நிற்பார்கள். அந்த வட்டத்தில் பாதியாவது மனிதர் போட்ட கிழங்கின் வட்டம். கோதுமையைப் பிடுங்கித் தின்ற பெரியவர்களும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

உணவு போடாவிட்டால் இமோவும் இல்லை, இதுவும் உண்மை. இமனிஷியை நான் குறை சொல்லமாட்டேன், 1952-ல் வேறு வழி இருந்திருக்காது. அவருடைய ஆட்கள் உணவு போட்டதோடு நிற்காமல் என்ன நடக்கிறது என்று எண்ணி எழுதியும் வைத்தார்கள். அதனால்தான் விளைவும் நமக்குத் தெரிகிறது.

இமனிஷியின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1952-ல் நேபாளத்தின் மனஸ்லு சிகரத்துக்கு வழி தேடிப் போன ஜப்பானியக் குழுவுக்கு அவர்தான் தலைவர். 1956-ல் அந்தச் சிகரத்தில் முதலில் கால் வைத்ததும் ஜப்பானியக் குழுதான். 1967-ல் கிஃபு பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 1979-ல் நாட்டின் உயர்ந்த பண்பாட்டு விருது கிடைத்தது. வயதாக ஆக டார்வினை அடியோடு மறுத்தார். போட்டியும் தேர்வும் காரணம் இல்லை, மாற வேண்டிய காலத்தில் இனம் முழுதும் சேர்ந்து மாறும் என்றார். மேலை நாட்டு விஞ்ஞானிகள் கடுமையாக எதிர்த்தார்கள். அவருடைய மாணவர்களிலும் பலர் அந்தப் பாதையில் போகவில்லை, போகாதது சரி என்றே எனக்குப் படுகிறது. ஆற்றுப் புழுவில் கண்ட ஒற்றுமையை உலகத்துக்கே விதியாக்கினால் தார்வாடின் குட்டிகளை எங்கே வைப்பது? மலையை மட்டும் அவர் விடவில்லை. 1985-ல், 83 வயதில், ஜப்பானுக்குள் தன் 1500-வது மலையில் ஏறினார். 1992 ஜூனில் காலமானார்.

கோஷிமாவில் 1972 முதல் உணவை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். முதல் சில வருடங்கள் கொடுமையானவை. பிறப்பு குறைந்தது, குட்டிகள் நிறைய இறந்தன. இருபது வருடம் போட்டுப் பழக்கிய உணவுக்கு ஏற்றபடி பெருகியிருந்த கூட்டம், காடு கொடுப்பதற்கு ஏற்றபடி மெல்ல நின்றது. இப்போதும் கொஞ்சம் கோதுமைதான், கிழங்கு அரிது. தீவில் இருப்பவை நூறை ஒட்டிய எண்ணிக்கையில் குரங்குகள், ஒவ்வொன்றுக்கும் பெயரும் தாய்வழியும் ஏட்டில் இருக்கின்றன. அபூர்வமாகக் கிழங்கு கிடைக்கும் நாளில், இமோவைப் பார்த்தே இராத தலைமுறையின் பெண் குரங்கு அதை எடுத்துக்கொண்டு கடலை நோக்கி நடக்கிறது. குட்டி வயிற்றில் தொற்றிக்கொண்டு பார்க்கிறது.